என் பூட்ஸைப் பற்றி நீ எழுதியதற்கு

உன் கடிதமும் பார்சலும் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. க்ஷேமம் விசாரித்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். எனக்கு இன்றைக்கு அதற்கு மனசு வரவில்லை. பெற்றவளுக்கு உத்தரவு போட்டு நான்கு பக்கம் எழுதுகிறவன் நன்றாகத்தான் இருப்பான். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தோடு பேனாவை மூடிவிடுவாய். பட்டணத்தில் ஒரு வருஷம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததில் கை நன்றாக ஓடுகிறது. முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை படித்த பிறகு எழுந்து போய், காற்று நிறைய இருந்த சைக்கிளுக்கு மறுபடியும் காற்று அடித்தேன். கோபம் ஆறுவதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். எழுதும்போது உறைக்கவில்லை, படிக்கும்போதாவது உறைக்கிறதா பார்க்கலாம். தை மாதம் உனக்குக் கல்யாணம். பெண் வீடு கனகம்மாசத்திரம். நிலம், கிணறு, சாலையோரத்தில் அரிசி மண்டி என்று வசதியான குடும்பம். மாப்பிள்ளையின் தாயார் பிரசவம் பார்க்கிற நர்ஸ், பூட்ஸ் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவள் என்று யாரோ அவர்கள் காதில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் முகம் சுளித்தார்கள். உடனே நீ, அதெல்லாம் பழைய கதை, அம்மா வேலையை விட்டுவிட்டாள், வீட்டோடு இருக்கிறாள் என்று சொல்லிவிட்டாய். பொய் சொன்னவன் நீ, அதை நிஜமாக்க வேண்டியவள் நான். தைக்குள் நான் வேலையை ராஜிநாமா செய்துவிட வேண்டும். சைக்கிளை விற்றுவிட வேண்டும். அந்தக் கண்ராவி பூட்ஸை அடுப்பில் போட்டுவிட வேண்டும். நீ அனுப்பியிருக்கிற வெல்வெட் பட்டி வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, கல்யாணப் பந்தலில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இவ்வளவும் என் நன்மைக்காகவாம்.

நாலாவது பக்கத்தின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து, இன்னொரு செய்தி எழுதியிருக்கிறாய். ஆபீஸ் போக நீயும் ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருக்கிறாய். போன வாரம் மழையில் பெடலிலிருந்து கால் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. அம்மா காய்ச்சுகிற தைலம் இருந்தால் அனுப்ப வேண்டும். ஐயா, ராஜா, என் பூட்ஸைக் கண்ராவி என்று எழுதிய அதே பேனாவில் இதையும் எழுதினாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? உன் பூட்ஸ் எப்படிப்பட்டது என்று இங்கிருந்தே சொல்கிறேன். முனை கூராக இருக்கும். அடியில் வழவழவென்று தோல். குதிகாலில் லாடம் அடித்திருக்கும், ஆபீஸ் படியேறினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி டக் டக்கென்று சத்தம் போடும். அதைப் போட்டுக்கொண்டு ஈரப் பெடலில் கால் வைத்தால் விழாமல் என்ன செய்யும்? அடுத்தவன் கண்ணுக்காக வாங்கின பூட்ஸ் அது. உன் காலைக் கேட்டு வாங்கியதாக இருந்தால் விழுந்திருக்க மாட்டாய்.

உன் மேல் இருக்கிற கோபம் வேறு, உன் கணுக்கால் வேறு. தைலம் இதோடு வருகிறது. சுட வைத்துத் தேய், அழுத்தாதே. பூட்ஸை எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். ஏழு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது அது. சாகும்வரை சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இந்தக் கடிதம் எழுதி நீதான் அதை வெளியே இழுத்திருக்கிறாய்.

உன் நைனா காய்ச்சலில் போனபோது எனக்கு இருபது வயது, உனக்கு ஒன்றரை. உன்னை மாமா வீட்டில் விட்டுவிட்டுப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் பிரசவ நர்ஸ் வேலை கற்றேன். அதில் தேறி, நம் ஊர் திருத்தணிக்கே வேலையாகி வந்தேன். முதல் சில வருஷம் நடந்தேதான் போனேன். மாட்டு வண்டி அனுப்புகிற வீட்டுக்கு வண்டியில். அனுப்ப முடியாத வீட்டுக்குக் கால்நடை. பிறகு தன் ஊருக்குத் திரும்பவிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா தன் சைக்கிளை எனக்குக் கொடுத்தாள். சேலை சிக்காமல் இருக்கச் சக்கரத்துக்கு வலை கட்டிய சைக்கிள். செருப்பில்லாமல் ஓட்டிப் பார்த்தேன். பெடலின் ரப்பர் கட்டை தேய்ந்து இரும்பு வெளியே வந்திருந்தது, இரண்டு மைல் போவதற்குள் உள்ளங்காலில் கோடு கோடாக வெட்டிவிட்டது. அதைப் பார்த்துத்தான் டாக்டரம்மா கிளம்புகிற அன்று தன் கான்வாஸ் பூட்ஸையும் கழற்றிக் கொடுத்தாள். ரப்பர் அடி. எனக்கு ஒரு விரற்கடை பெரியது. நுனியில் துணி திணித்துப் போட்டுக்கொண்டேன். நம் ஊரில் அந்தக் காலத்தில் ஒரு பொம்பளை, அதுவும் தாலி அறுத்தவள், பூட்ஸ் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள். கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்தவர்கள்கூட மலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

யுத்த சமயத்தில் பட்டணம் பாதி காலியாகி ஜனங்கள் இந்தப் பக்கம் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அவர்கள் வீட்டுப் பையன்கள் உன் வகுப்பில் சேர்ந்தார்கள். உனக்குப் பதினான்கு வயது. "டேய், உங்கம்மா மிலிட்டரிக்குப் போய்கினு கீறாங்களாடா?" என்று கேட்டு உன்னைச் சுற்றி நின்று சிரித்தார்கள். நீ வீட்டுக்கு வந்து புஸ்தகப் பையை மூலையில் வீசிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாய். "பூட்ஸ் போடாத, நீ பூட்ஸ் போட்டுகினு பள்ளிக்கூடத் தெருப் பக்கம் வராத" என்று மட்டும் சொன்னாய். இரண்டு நாள் கழித்து ஒற்றை பூட்ஸைக் காணோம். வலது கால் பூட்ஸ். நாய் தூக்கிப் போயிருக்கும் என்று நீ சொன்னாய், என் முகத்தைப் பார்க்காமல். மறுநாள் துணி எடுக்க வந்த வண்ணாத்தி, "உங்க புள்ள கொளத்துல இன்னாத்தையோ வீசிட்டு ஓடிச்சும்மா, வெள்ளையா கீது, நான் பார்த்தேன்" என்றாள்.

இப்போது நீ தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். இன்னும் நான் என் பங்கைச் சொல்லவில்லை. எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. உன்னை இழுத்துக்கொண்டு போய்க் குளத்தில் இறக்கியிருக்கலாம், இடுப்பளவு தண்ணீர்தான். முதுகில் நாலு வைத்திருக்கலாம். செய்யவில்லை. பிள்ளை மனசு நோகக் கூடாது என்று விட்டதாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். வண்ணாத்தி சொன்னதும் எனக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. கடைத்தெருவில் ஒவ்வொரு தடவையும் பெடல் மிதிக்கும்போது என் காலை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று உடம்பு கூசியது. தொலைந்தது சனியன் என்று மிச்சமிருந்த ஒற்றையை நானே குப்பையில் போட்டேன். மறுநாளிலிருந்து எல்லாப் பொம்பளைகளையும் போலத் தோல் செருப்பு. நீ அன்று சாயங்காலம் இரண்டு தட்டு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிரசவ வீட்டில் ஒரு பழக்கம் உண்டு, நீ ஆண்பிள்ளை, உனக்குத் தெரிந்திருக்காது. வேலை முடிந்து நான் கிளம்பும்போது வாசற்படிக்கு வெளியே நிறுத்தி, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை என் காலில் ஊற்றுவார்கள். தீட்டு என் காலோடு போகட்டும் என்று சிலர், நல்லபடியாகப் பெற்றுக் கொடுத்தவளுக்கு மரியாதை என்று சிலர். ஊற்றிய தண்ணீரைத் துடைக்கக் கூடாது, தானாகக் காய வேண்டும். நடந்து போகிறவளுக்கு அதனால் ஒன்றுமில்லை. சைக்கிளில் போகிறவளுக்கு அது என்ன செய்யும் என்று பழக்கத்தை உண்டாக்கியவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியவள் நான். எனக்கும் தோன்றவில்லை.

செருப்புக்கு மாறி மூன்று மாதம் இருக்கும். பள்ளிப்பட்டுச் சாலையில் ஒரு கிராமத்தில் காலையில் ஒரு பிரசவம் முடிந்தது, ஆண் குழந்தை, வீடே சிரித்துக்கொண்டிருந்தது. கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஒருத்தன் ஓடி வந்தான். அடுத்த கிராமத்துக் கங்கம்மாவின் புருஷன். குழந்தை பிறந்துவிட்டது, ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை என்றான். அந்த இடத்திலிருந்து மூன்று மைல். சைக்கிளை எடுக்கப் போனேன். "இன்னாங்க நர்சம்மா, தண்ணி ஊத்தாம அனுப்பிட்டா எங்களுக்கு நல்லா இருக்குமா? நில்லுங்க" என்று அந்த வீட்டு அம்மாள் செம்போடு ஓடி வந்தாள். நின்றேன். ஊற்றினாள். சொட்டச் சொட்ட ஈரக் காலைச் செருப்புக்குள் விட்டுக்கொண்டு ஏறினேன்.

அரை மைலில் ஒரு மேடு வரும், அதன் உச்சியில் கல்பாலம். மேட்டில் எழுந்து நின்று முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தேன். செருப்புக்குள் கால் வழுக்கியது, பெடலில் செருப்பு வழுக்கியது. இரண்டும் ஒரே நேரத்தில். பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. நான் பாலத்துக் கல்லில் விழுந்தேன், என்மேல் சைக்கிள் விழுந்தது. செயின் மூடி நசுங்கிச் சக்கரம் சுற்றவில்லை. காலில் சதை கிழிந்து தொங்கியது. முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, பின்னாலேயே ஓடி வந்த கங்கம்மாவின் புருஷன் சைக்கிளைத் தூக்கிக்கொள்ள, நான் பையைத் தூக்கிக்கொண்டு நொண்டினேன். இரண்டரை மைல். வழியில் ஒரு வண்டிகூட வரவில்லை.

நான் போனபோது கங்கம்மாவின் கை சில்லிட்டிருந்தது. வயிற்றைப் பிசைந்து நஞ்சுக்கொடியை எடுத்தேன், ரத்தம் நின்றது. நிற்பதற்கு உள்ளே ரத்தம் மிச்சம் இல்லாததால் நின்றது. அரை மணி முன்னால் வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். இது நான் மனசு உருகிச் சொல்கிற வார்த்தை இல்லை, என் தொழில் தெரிந்து சொல்கிறேன். அவள் மாமியார் சண்டை போடவில்லை, ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. "நீங்க வந்துடுவீங்க, வந்துடுவீங்கன்னு வாசலயே பார்த்துகினு கெடந்தாம்மா" என்றாள், அவ்வளவுதான். அவள் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கால் எப்படி அடிபட்டது என்று நீ கேட்டாய். மாடு குறுக்கே வந்துவிட்டது என்றேன். நீ பயந்துபோய் வெந்நீர் போட்டுக்கொண்டு வந்தாய், காயத்தைச் சுற்றி மெதுவாகத் துடைத்தாய், வலிக்குதாம்மா, வலிக்குதாம்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அப்போதே சொல்லியிருக்கலாம். பதினாலு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு சாவை எப்படி வைப்பேன்? சொல்லவில்லை. இப்போது உனக்கு இருபத்தொன்று, கல்யாணம் செய்துகொள்கிறவன், மாமனாரிடம் துணிந்து பொய் சொல்கிறவன். இனி நீ தாங்குவாய். அந்தச் சாவில் முக்கால் பங்கு என்னுடையது. குளத்தில் பூட்ஸை வீசியது சின்னப் பையன், அது போனதும் மகிழ்ந்தது வளர்ந்த பொம்பளை. ஆனால் கால் பங்கு உன்னுடையது. அதை நான் வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

காயம் ஆறியதும் ரயிலேறிப் பட்டணம் போனேன். யுத்தத்தில் ரப்பர் சாமான் எதுவும் கண்ணில் படாத நேரம். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் விற்கிற வரிசையில் சாயங்காலம் வரை அலைந்தேன். ஒரு கிழவர் கடையில் பூட்ஸ் குவியலாகக் கிடந்தது. "இன்னாம்மா வோணும்? வூட்டுக்காரருக்கா, புள்ளைக்கா?" என்றார். "எனக்குத்தாங்க, சைக்கிள் வுடறதுக்கு" என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்காமல், "அப்டின்னா குந்துங்க" என்று முக்காலியை நகர்த்தினார். சைக்கிள் ரிப்பேர் செய்து பிழைத்தவராம். தட்டைப் பெடலுக்கு எப்படிப்பட்ட பூட்ஸ் வேண்டும் என்று எனக்குச் சொன்ன ஒரே ஆள் அவர். அவர் சொன்னதையும் ஏழு வருஷம் மிதித்து நான் கண்டதையும் சேர்த்து உனக்குச் சொல்கிறேன். காது கொடுத்துக் கேள்.

பந்தயம் விடுகிறவர்கள் காலைப் பெடலோடு வாரால் கட்டிக்கொள்வார்களாம். நமக்கு அது கிடையாது. நம் பெடல் வெறும் தட்டை, கால் அதன்மேல் தானாக உட்கார வேண்டும். ஆகையால் முதலில் அடியைத் தொட்டுப் பார். வழவழத்தால் கீழே வை, எவ்வளவு பளபளத்தாலும் வை. ரப்பராக இருக்க வேண்டும், வரி வரியாக இருக்க வேண்டும், ஆனால் வரி ஆழமாக இருந்தால் பெடல் இரும்பு அதற்குள் மாட்டிக்கொண்டு அவசரத்துக்குக் கால் எடுக்க வராது. லாடமும் ஆணியும் ஆகவே ஆகாது, இரும்பும் இரும்பும் சேர்ந்தால் வழுக்கத்தான் செய்யும். பிறகு முனையையும் குதியையும் பிடித்து வளைத்துப் பார். விரல் மடிகிற இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் அது துணி மாதிரி, பெடல் உள்ளங்காலை வெட்டும். எங்குமே வளையாவிட்டால் கட்டை. டயர் வெட்டி அடி தைத்த ஜோடு ஒன்று நம் ஊரில் வாங்கிப் பார்த்தேன், காலுக்குக் கீழே பெடல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, மரத்துப் போய்விட்டது.

காலையில் போய் வாங்காதே. நாள் முழுக்க நடந்து கால் உப்பியிருக்கிற சாயங்காலத்தில் போ. எந்தக் காலுறை போடுவாயோ அதைப் போட்டுக்கொண்டு போ. உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், எழுந்து நில். விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், விரல்கள் உள்ளே விரிய வேண்டும், ஆனால் குதி தூக்கக் கூடாது. கடைப் படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து முழுப் பாரத்தையும் போட்டு நில். அந்த விளிம்பு உனக்குக் குத்தினால் பெடலும் குத்தும். பெடலில் வைக்க வேண்டியதும் அந்த முன்பாதம்தான். நீ சின்ன வயதிலிருந்தே நடுக்காலை வைத்து மிதிப்பாய், வாத்து மாதிரி. நாடாவை வெளிப்பக்கமாக முடிந்து நுனியை உள்ளே செருகு, வலது காலில் முக்கியமாக, செயின் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கடைசியாக ஒன்று. கடைக்காரன் சிரித்தாலும் பரவாயில்லை என்று, தெருவில் நிற்கிற ஏதாவது ஒரு சைக்கிளைக் கேட்டு வாங்கி, அதன் பெடலில் கால் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கு. நான் வைத்துப் பார்த்தேன். மார்க்கெட்டே கூடி நின்று சிரித்தது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை பூட்ஸோடுதான் போகிறேன். வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகிறேன், மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் ஊற்றட்டும் என்று நிற்கிறேன். ஊற்றியதும் படியில் உட்கார்ந்து, துண்டால் விரல் இடுக்கு வரைக்கும் துடைத்துவிட்டு, பூட்ஸ் மாட்டி முடிச்சுப் போட்டுத்தான் எழுந்திருக்கிறேன். மரியாதையைத் துடைத்துப் போட்டுவிட்டாள், திமிர் பிடித்தவள் என்று இரண்டு வீட்டில் மறுபடி என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம். நீ அனுப்பிய வெல்வெட் செருப்பைத் தைலத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் பெண்டாட்டிக்குக் கொடு, அவளுக்கு அளவு சரியாக இருந்தால்.

இனி நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொள். வெள்ளிக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு கனகம்மாசத்திரம் போனேன். எட்டு மைல். உன் மாமனார் மண்டி வாசலில் மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளை நிறுத்தி, "நான் மாப்பிள்ளையோட அம்மாங்க" என்றேன். அவர் கண் என் காலைவிட்டு மேலே வர நேரமாயிற்று. "வேலைய வுட்டுட்டீங்கன்னு பையன் சொன்னாரே?" என்றார்.

"வுடலைங்க. வுடறதாவும் இல்ல. அவன் பொய் சொல்லிட்டான். அத்த சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"எங்க பக்கத்துல இதெல்லாம் பழக்கம் இல்லைங்களே."

"எங்க பக்கத்துலயும் இல்லைங்க. நான்தான் பழக்கிகினேன்."

கங்கம்மாவைப் பற்றியும் சொன்னேன். மறைத்து ஒரு கல்யாணம் நடப்பதைவிடச் சொல்லி நின்றுபோவது மேல் என்று எனக்குத் தோன்றியது. உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று கோபம் வரும். என்னைக் கேட்காமல் நீ என் வேலையை விட்டாயே, அதற்கு இது சரியாகப் போயிற்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "யோசிச்சி சொல்லியனுப்பறோம்" என்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. அந்த வீட்டு அம்மாள், உன் மாமியார், ஒரு டம்ளர் மோர் கொண்டு வந்து வாசலிலேயே கொடுத்தாள், நின்றபடி குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

சாலைக்கு வந்து சைக்கிளில் ஏறப் போகும்போது பின்னால் மூச்சிரைக்க யாரோ ஓடி வந்தார்கள். உன் மாமியார். "கொஞ்சம் நில்லுங்கம்மா. எங்க பெரிய பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்துகீது. எட்டாம் மாசம். இங்க பாக்கறவங்க கொழந்த தலை இன்னும் மேலயே கீதுன்னு சொல்றாங்க. எனக்கு சோறு எறங்கல. அவர்ட்ட சொன்னா ஒத்துக்க மாட்டாரு. நீங்க ஒரு தபா வந்து பாப்பீங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மண்டி வாசல் தெரியாத பக்கமாக, தோட்டத்து வழியாக என்னை அழைத்துப் போனாள். அந்தப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரிதான், தலை மேலேதான் இருக்கிறது. திரும்புவதற்கு இன்னும் நாள் இருக்கிறது, திரும்பாமலும் போகலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வருவீங்களா?" என்று கேட்டாள். "ஆங், வருவேன்" என்றேன். வேறு எந்தப் பதிலும் என் வாயில் இல்லை.

மார்கழியில் அந்த வீட்டுக்கு நான் போகிறேன். உன் கல்யாணம் நடந்தாலும் சரி, நின்றாலும் சரி, அந்தப் பெண்ணிடம் வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. உன் மாமனாருக்கு நீ உடனே எழுத வேண்டும். உன் தாய் யார், என்ன வேலை செய்கிறாள், நீ ஏன் பொய் சொன்னாய், மூன்றையும் உன் கைப்பட எழுது. எழுதினால் அவர்கள் வாசலில் நான் சம்பந்தியாகப் போய் இறங்குவேன். எழுதாவிட்டால் கூப்பிட்டு வந்த நர்ஸாகத் தோட்டத்து வழியாகப் போவேன், அப்போது உனக்கும் எனக்கும் பேச்சில்லை. இரண்டில் எது என்று நீ முடிவு செய்துகொள். எப்படியானாலும் நான் நேரத்துக்குப் போய்விடுவேன்.